பழைய எம்.எம்.540 ஜீப்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

என் மகிந்திரா எம்.எம்.540 ஜீப் 1991 மாடல். விற்றவர் "எஞ்சின் போயிடுச்சு, போர் வேலை (சிலிண்டரைக் கடைவது) வரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நாமக்கல்லில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டீசல் குழாயில் ஒரு காற்றுக் கசிவு, துருப்பிடித்த எர்த் பட்டை, செத்துப்போன இரண்டு ஹீட்டர் பிளக் (குளிர்ந்த எஞ்சின் பிடிக்க உள்ளே சூடேற்றும் பிளக்). இந்த மூன்றையும் சரிசெய்த பிறகு அந்த எஞ்சினின் ஹெட்டைக்கூட (சிலிண்டர்களின் மேல் மூடி) நான் கழற்ற வேண்டி வரவில்லை. பழைய டீசல் ஜீப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்பது என் அனுபவம். அதனால் பிரிப்பதற்கு முன்னால் காசு செலவில்லாத சோதனைகள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுங்கள். இந்தக் குறிப்பு அந்த வரிசையில்தான் போகிறது.

நான் சொல்வது மகிந்திரா ஜீப்பில் வந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினை மனதில் வைத்து. 2112 சிசி, 62 குதிரைத்திறன். டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாமல் முதலில் ஹெட்டில் உள்ள சிறிய அறைக்குள் பீய்ச்சப்பட்டு எரியும் வகை. டிராக்டர் வழியில் வந்த டிஐ எஞ்சின் (டீசல் நேராக சிலிண்டருக்குள் போகும் வகை) உங்கள் வண்டியில் இருந்தால் ஹீட்டர் பிளக் பற்றிய பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

கருவி என்று அதிகம் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், ஒரு மீட்டர் நீளத்துக்கு டீசல் தாங்கும் ஒளிபுகும் குழாய், ஒரு ஐந்து லிட்டர் கேன், கண்ணைக் காக்கும் கண்ணாடி. அப்புறம் வண்டியைத் தாங்க இரண்டு நல்ல ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை வேகமாக அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றும். சுற்று மெதுவாக இருந்தால் அந்தச் சூடு சிலிண்டர் சுவர் வழியாகவும் பிஸ்டன் ரிங் வழியாகவும் போய்விடும். ஆகவே மெதுவான செல்ஃப் என்பதே ஸ்டார்ட் ஆகாததற்குப் போதுமான காரணம்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்து திரும்பப் பாருங்கள். விழவில்லை, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கேபிளைப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. என் வண்டியில் ஒன்றரை வோல்ட் காட்டியது. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையை மாற்றி, இரண்டு முனையிலும் பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்கினேன். அதற்கு முன்பு இரண்டு முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றி சர்வீஸ் செய்திருக்கிறார்கள். கோளாறு அங்கே இல்லவே இல்லை.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இப்போது சைலன்சரைப் பாருங்கள்.

புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்ப்பில், மின்சாரத்தில் இயங்கும் ஸ்டாப் சொலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் வால்வு) இருந்தால், சாவியைத் திருப்பும்போது அதில் 'டக்' என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கேபிள் வைத்த ஸ்டாப் என்றால் அந்த நெம்புகோல் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகு அது பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். இரண்டும் சரி என்றால் அடுத்த பகுதியில் சொல்லியுள்ளபடி காற்றை எடுங்கள்.

வெள்ளைப் புகை, அதில் பச்சை டீசல் வாடை. இதன் பொருள், டீசல் போகிறது, எரியவில்லை. காலையில் மட்டும் இப்படி, மதியம் சரியாகப் பிடிக்கிறது என்றால் ஹீட்டர் பிளக். வயரைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். செத்தது எதுவும் காட்டாது. தனித்தனியாக இணைத்த வண்டியில் நான்கில் இரண்டு செத்தால் குளிர் காலையில் திணறிப் பிடிக்கும். பழைய வரிசை இணைப்பில் ஒன்று செத்தாலே நான்கும் நின்றுவிடும். நான்கும் நன்றாக இருந்தால் பிளக்குக்கு 11 வோல்ட்டாவது வருகிறதா என்று பாருங்கள். ரிலேதான் பல இடத்தில் குற்றவாளி.

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டரில் வைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அந்த ஆவி நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டனும் ரிங்கும் உடைந்த எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன்.

மதியமும் வெள்ளைப் புகைதான், பிளக் எல்லாம் சரி என்றால் மட்டும் கம்ப்ரஷன் பாருங்கள். டீசலுக்கான கேஜ் வேண்டும், பெட்ரோல் கேஜ் தாங்காது. மொத்த அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அதில் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

பிடித்த ஒரு நிமிடத்தில் அணைகிறது, இரவு நின்றால் காலையில் பிடிப்பதில்லை

பழைய ஜீப்பில் ஆளை அலைக்கழிக்கும் கோளாறு இதுதான். பம்ப்பை இறக்கி, நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) மாற்றி, காசு கரைந்தவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் காற்று.

டேங்கிலிருந்து, டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் சின்னத் துளை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லை, அதனால் கசிவு இல்லை என்று முடிவு கட்டுவது இங்கேதான் தவறாகிறது.

ஃபில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப்புக்கும் நடுவே அந்த ஒளிபுகும் குழாயைப் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி வரிசையாகப் போனால் காற்று உறுதி. அடுத்து, கேனில் சுத்தமான டீசல் எடுத்து பானெட்டுக்கு மேலே உயரமாக, அசையாமல், சைலன்சர் பக்கம் போகாமல் கட்டி வைத்து, அதிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு நேராக இணையுங்கள். வண்டி அரை மணி நேரம் சீராக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். அப்போதும் அணைந்தால் கோளாறு ஃபீட் பம்ப்பிலிருந்து எஞ்சின் பக்கம். கேன் உயரத்தில் இருப்பதால், காற்று இழுத்த இடத்தில் இப்போது டீசல் வெளியே சொட்டத் தொடங்கும். துணியால் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

நான் கண்ட இடங்கள்: கண்ணாடிக் கிண்ண ஃபில்டரின் ரப்பர் வளையம், திரும்பத் திரும்பப் போட்ட செப்பு வாஷர், டேங்கின் உறிஞ்சு குழாயில் துருத் துளை, நாசில் மேலே ஓடும் துணிப் பின்னல் ரிட்டர்ன் குழாய். செப்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடுங்கள். மிகக் குறைந்த விலைப் பொருள் அது. இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நமக்குக் கிடைக்கும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். தான். டீசலின் சேர்மானம் மாறியதில் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசியத் தொடங்குவது உலகம் முழுக்கப் பழைய வண்டிக்காரர்கள் கண்ட விஷயம். பம்ப் ரிப்பேருக்குப் போனால் 'விட்டான்' என்ற வகை ரப்பர் சீல் கேட்டு வாங்குங்கள்.

காற்றை எடுக்கும் முறை: ஃபில்டர் மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஸ்க்ரூ. கடைசியாக நாசில் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்த நேரத்தில் கண்ணாடி போட்டிருங்கள், குழாய் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். நாசில் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாகத் தெரிந்தாலும் அது அவசர அறுவைச் சிகிச்சை வரை போகிற காயம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கரும்புகை, இழுவை இல்லை

டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர்தான் முதல் இடம். ஆயில் கிண்ண வகை ஃபில்டரில் ஆயில் கோடு வரைதான் ஊற்ற வேண்டும், கூடினால் எஞ்சின் அதையே உறிஞ்சும். ஃபில்டர் சரி என்றால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபோது பம்ப்பின் நெம்புகோல் முட்டும் வரை போகிறதா பாருங்கள். அப்புறம் பிரேக்: ஓட்டிவிட்டு வந்து நான்கு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் பிடித்துக்கொண்டிருப்பது சூட்டில் தெரியும். இத்தனைக்குப் பிறகுதான் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் கொடுக்க வேண்டும். "இழுவை கூட்டித் தருகிறேன்" என்று பம்ப்பின் டீசல் ஸ்க்ரூவைத் திருக யாரையும் விடாதீர்கள். கூடுவது புகையும் சூடும்தான்.

நீலப் புகை, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறது

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல், மேட்டில் ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங்.

மட்டம் ஏறுவது அதைவிட ஆபத்து. டீசல் ஆயிலில் கலக்கிறது. ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் அல்லது இன்ஜெக்ஷன் பம்ப்பின் முன் சீல் வழியாக வரும். ஒரு துளியைத் தாளில் விட்டால் டீசல் வளையமாகப் பரவும். அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பேரிங் போவது ஒரு பக்கம். மட்டம் ஏறி, அந்தக் கலவை காற்றோடு உள்ளே போனால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துத் தானாக வேகம் எடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் காற்று வழியைப் பலகையாலோ தடித்த புத்தகத்தாலோ அடைக்க வேண்டும், வெறும் கையால் கூடாது. வண்டிக்குள் இருந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட வேண்டும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும் நாளில் ஒரு பலகையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

மலை ஏறினால் சூடாகிறது

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. கூலிங் சரியில்லாத ஜீப் அங்கே பாதி வழியில் சொல்லிவிடும். என்னுடையதும் முதல் பயணத்தில் ஆவி விட்டது.

முள் உண்மை சொல்கிறதா என்பது முதல் கேள்வி. ஹெட்லைட் போட்டதும் முள் ஏறினால் சூடு இல்லை, டேஷ்போர்டு எர்த்.

உண்மையான சூடு என்றால், காலையில் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்தால், அல்லது மூடியோடு ஸ்டார்ட் செய்த ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக விறைத்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகக் காற்று போகிறது. இது இல்லையென்றால் நிம்மதி, மிச்சமெல்லாம் வெளி வேலை.

நம் ஊரில் பெரிய எதிரி போர் தண்ணீர். வருடக் கணக்கில் அதையே ஊற்றியதில் ரேடியேட்டர் குழாய்களில் பாத்திர அடியில் படிவதுபோல உப்புப் படிந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியேட்டரின் முகத்தில் கையால் தடவினால் சில இடம் கொதிக்கும், சில இடம் வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பு உள்ள இடம் அடைத்தது. வெளியே கழுவினால் போதாது, மேல் தொட்டியைப் பிரித்துக் குச்சி விட வேண்டும். அதே சமயம் பிளாக்கின் வடிகால் பிளக்கையும் திறங்கள். என்னுடையதைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு பழுப்புச் சேறு வந்தது. அதற்குப் பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி மட்டுமே.

ஃபேனைச் சுற்றி இருக்கும் தகரக் கூண்டைப் பாதி ஜீப்பில் காணோம். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. கூண்டு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றும், அதுவும் மெதுவாக ஏறும்போது. லேத்துக்காரரிடம் தகரத்தில் செய்து மாட்டினேன், கொல்லிமலையில் முள் நடுவிலேயே நின்றது. தெர்மோஸ்டாட்டையும் எடுத்து எறிந்திருப்பார்கள். அது இல்லாமல் சமவெளியில் டீசல் எஞ்சின் தன் சூட்டுக்கே வராது, புகையும் தேய்மானமும் கூடும். புதிது வாங்கிப் போடுங்கள்.

சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விட்டால் அதற்குப் பிறகு செலவுக்கு அளவில்லை.

ஃபோர் வீல் கியர் வெளியே வர மறுக்கிறது

இந்த ஜீப்பில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் கியர்) இல்லை. ஃபோர் வீலில் இரண்டு புரொபெல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் முன் சக்கரங்கள் நீண்ட தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் சறுக்கி ஈடுகட்டும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்காது, ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டு கியரை இறுகப் பிடிக்கும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும். லீவரைக் காலால் உதைக்க வேண்டாம்.

நேர் ரோட்டிலும் இறுகுகிறது, டயர் கீச்சிடுகிறது என்றால் வேறு விஷயம். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா பாருங்கள். அப்புறம் கிரவுன், அதாவது அச்சுக்குள் இருக்கும் பெரிய பல் சக்கரம். இந்த வண்டிகளில் 8-க்கு 43 பல், 8-க்கு 39 பல் என்று இரண்டு வகை ஓடுகின்றன. அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 5.38 அல்லது 4.88 சுற்று. பழைய சாமான் கடையில் ஒரு அச்சு மட்டும் வாங்கிப் போட்ட வண்டியில் முன்னும் பின்னும் வேறாக இருக்கும். பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். கியரை நியூட்ரலில், டிரான்ஸ்ஃபர் கேஸை (டூ வீல், ஃபோர் வீல் மாற்றும் பெட்டி) டூ வீலில் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அந்த அச்சின் ஷாஃப்ட் ஐந்தும் சற்றே கூடுதலாக மூன்றில் ஒரு பங்கும் சுற்றினால் 43 பல். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 39. முன் அச்சிலும் செய்யுங்கள், அப்போது ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பூட்டு) லாக்கில் இருக்கட்டும். என் வண்டியில் முன்னால் 39, பின்னால் 43. முந்தைய சொந்தக்காரர் டிரான்ஸ்ஃபர் கேஸை இரண்டு முறை பிரித்ததற்கான காரணம் இதுதான்.

ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்றால், ஃப்ரீ வீல் ஹப் லாக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் குறைகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடுகிறது என்றால் நடு சீல். கியர்பாக்ஸுக்கு 90 ஆயிலில் ஜி.எல்.4 கேளுங்கள். ஜி.எல்.5 பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது

ஒரு குழியில் இறங்கியதும் முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று ஆடும், நிறுத்தினால்தான் அடங்கும். ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டுவது வழக்கம். அது தேய்ந்த பாகத்தை மறைக்குமே தவிரச் சரிசெய்யாது.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடம், வலம் திரும்பும் அச்சாணி). கிங் பின் பேரிங்கை ஷிம் (மெல்லிய தகடு) எடுத்து இறுக்கலாம், குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். டை ராட் எண்டுகள், ஸ்பிரிங் புஷ் அடுத்தது. உயரத்துக்காக ஸ்பிரிங் பட்டை கூட்டிய வண்டி என்றால் முன் அச்சின் சாய்வு மாறியிருக்கும், ஆப்பு வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பிரேக்

முதல் மிதியில் கீழே போய் இரண்டாவதில் ஏறினால் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பஞ்சுபோல இருந்தால் காற்று. ஒரு பக்கம் இழுத்தால் டிரம்மைத் திறங்கள். ஹப் சீல் கசிந்து லைனிங் நனைந்திருக்கும் அல்லது வீல் சிலிண்டர் ஒட்டியிருக்கும். நனைந்த லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்கிரேடுக்குக் காசு இருந்தால் முதல் ரூபாய் இங்கே. ஒரே சுற்று மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டியில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. இரட்டைச் சுற்றுக்கு மாற்றுங்கள், பூஸ்டரும் (வெற்றிடத்தால் மிதியின் பலத்தைக் கூட்டும் பாகம்) வையுங்கள். ஆனால் பெட்ரோல் வண்டிபோல டீசல் எஞ்சினின் காற்றுக் குழாயில் வெற்றிடம் கிடைக்காது. வேக்கம் பம்ப் பொருத்திய ஆல்டர்னேட்டர் வேண்டும், அதற்கு எஞ்சின் ஆயில் போகவும் வரவும் குழாய் வேண்டும். பம்ப் இல்லாமல் பூஸ்டரை மட்டும் மாட்டினால் பெடல் முன்பைவிடக் கட்டையாகத்தான் இருக்கும்.

மற்ற மாற்றங்கள்

ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பல்பை மாற்றும் முன் இரண்டு ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேர் வயர் கொடுங்கள். பழைய சுவிட்ச் வழியாகவே இரண்டு வோல்ட் வரை தொலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

டயர் 6.00-16-இலிருந்து 235/75 ஆர்15-க்குப் போனால் உயரம் ஏறக்குறைய ஒன்றே, கியர் கணக்கு கெடாது. ஸ்டீயரிங் மட்டும் கனக்கும். டர்போ வேண்டாம் என்பேன். இந்த பெஜோ எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் ஏற்கெனவே 22-ஐத் தொடுகிறது, கூடும் சூட்டை இந்த ஹெட் தாங்காது. டிஐ எஞ்சின் மாற்றினால் கீழ்ச் சுழற்சியில் இழுவை அருமை, ஆனால் 43 பல் கிரவுனோடு நெடுஞ்சாலையில் சீக்கிரமே கத்தத் தொடங்கும். முன் ஸ்பிரிங்கும் கூடுதல் எடைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். சேசிஸைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும்போது அந்த எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரை வைக்காதீர்கள். கம்பி பிரஷ் போதும், மேலே மெல்லியதாக ஒரு கோட்டிங் கொடுத்தால் எழுத்து தெளிவாக நிற்கும்.